உடைந்த கண்மாயில் மீண்டும் மீன்: இயற்கைக்கு விடுவதா, குஞ்சு விடுவதா, மடு வெட்டுவதா, தூர்வாருவதா?

கரை உடைந்து ஓடிய கண்மாயை ஒருவழியாக அடைத்தாயிற்று. தண்ணீரும் ஓரளவு நின்றுவிட்டது. மீன்தான் இல்லை. ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் நாலு யோசனை சொல்கிறார்கள். "சும்மா விடுங்கள், மழையோடு தானாக வரும்" என்கிறார் ஒருவர். "குஞ்சு வாங்கி விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தால் உடைப்பு அடைத்த செலவாவது தேறும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கண்மாயின் உட்பரப்பான உள்வாயில் மடு எனும் ஆழப்பள்ளம் வெட்டி நாட்டு மீனைக் காப்பாற்றச் சொல்கிறார். கடைசியாக ஒருவர், பொக்லைனை இறக்கி மொத்தமாகத் தூர்வாரிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறார். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கத்துக் கண்மாய்ப் பாசன ஊர்கள் பலவும் பெருமழைக்குப் பிறகு இந்த நான்கில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கின்றன. நான்கும் சரியாக வரும் இடம் உண்டு. எல்லாம் சொதப்பும் இடமும் உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புயலும் வெள்ளமும் கண்மாய்க்குச் செய்யும் கேடு ஒரே மாதிரி இருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக மேற்கே போனபோது மழையைவிடக் காற்றுதான் அதிகச் சேதம் செய்தது. அப்படிப்பட்ட காற்றில் மரங்கள் ஊருணியிலும் கண்மாயிலும் சாயும். தழை தண்ணீரில் ஊறி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். தண்ணீர் கருத்து, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்து மிதக்கும். அங்கே கரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெள்ளத்தில் கரை உடைந்தால் கதை வேறு: மீன் சாவதில்லை, கீழ்க்கண்மாய்க்கும் வயலுக்கும் ஓடைக்கும் போய்விடுகிறது. செத்த மீனுக்கு வைத்தியம் தண்ணீரில். ஓடிப்போன மீனுக்கு வைத்தியம் கரையிலும், தண்ணீர் வந்துசேரும் வரத்துக்காலிலும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

### தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்?

மீன் விலை, குத்தகைத் தொகை, மானியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி இதுதான். இதைக் கணக்கிடாமல் குஞ்சு விடும் ஊர்கள் மார்ச் மாதத்தில் விரலளவு மீனைக் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

கணக்கு சுலபம். மழை ஓய்ந்து, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை மூடியிருக்கும் சமயத்தில், அளவு குறித்த கம்பு ஒன்றை நீருக்குள் நட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். நம் பக்கத்து வெயிலில் ஆவியாவது மட்டுமே மாதத்துக்குச் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர். பத்து நாளில் 8 சென்டிமீட்டர் இறங்கினால் மாதத்துக்கு 24. அதில் ஆவியானது போக மிச்சம் கசிவு. புதிதாக அடைத்த உடைப்பின் வெளியடியில் ஈரம் தெரிந்தால் கசிவு அங்கேதான்.

இதோடு பாசனத்தையும் சேர்க்க வேண்டும். நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர், அதில் பாசனம் பெறும் வயலான ஆயக்கட்டு 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். வயலில் 5 சென்டிமீட்டர் நிற்க ஒரு தண்ணீர் விட்டால் கண்மாயில் 10 சென்டிமீட்டர் இறங்கும். வாய்க்கால் குடிப்பது தனி. நாலு தண்ணீர் விட்டால் அரை மீட்டர் போய்விடும். டிசம்பர் கடைசியில் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் இருந்து, அடியிலுள்ள அரை மீட்டரை மீன் வாழத் தகாதது என்று கழித்தால், கையில் இருப்பது ஒரு மீட்டர். பாசனத்துக்கு அரை, ஆவிக்கும் கசிவுக்கும் அரை. மாதம் 24 வீதம் அந்த அரை மீட்டர் இரண்டு மாதத்துக்குத்தான் வரும். பரப்பு சுருங்கச் சுருங்க, அதே அளவு தண்ணீர் எடுத்தாலும் மட்டம் இன்னும் வேகமாக இறங்கும் என்பதால் உண்மைநிலை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.

### கரை, மடை, கலுங்கு

மீன் வாங்கும் காசை இவற்றுக்கு முன்னால் செலவழிக்கக் கூடாது. கரை எங்கே உடைந்தது என்று பாருங்கள். மடையை ஒட்டி உடைந்திருந்தால், மடைக்குழாயின் ஓரமாகத் தண்ணீர் வழி கண்டுபிடித்து மண்ணை அரித்திருக்கிறது. அங்கே மேலே மண் கொட்டினால் அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி போகும். மடைவரை தோண்டி, குழாயைச் சுற்றிக் களிமண் இடித்துத்தான் மேலே வர வேண்டும். கரையின் மேல் வழிந்து உடைந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கில் இருக்கும். யாராவது பலகையோ மணல் மூட்டையோ வைத்து மட்டத்தை உயர்த்தியிருப்பார்கள், அல்லது கலுங்குக்கு வெளியே போகும் வாய்க்கால் மூடியிருக்கும்.

உடைப்பை அடைக்கும்போது இரண்டு பக்கத்துப் பழைய கரையையும் செங்குத்தாக விடாமல் படிப்படியாக வெட்டி, புது மண்ணைப் பழைய மண்ணோடு கவ்வ விட வேண்டும். அரையடிக்கு ஓர் அடுக்கு; ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து உருளை ஓட்ட வேண்டும். நம் பக்கத்தில் கிடைக்கிறதே என்று வெறும் செம்புராங்கல் கிராவலைக் கொட்டுவதுதான் வழக்கமான தப்பு. கிராவல் இறுகும், தண்ணீரைத் தடுக்காது. உள்பக்கத்துக்கும் நடுவுக்கும் களிமண், வெளிமுகத்துக்குக் கிராவல் என்றால் சரி. அந்தக் களிமண்ணைக் கரையின் உள்ளடியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி எடுக்க வேண்டும். புதுக்கரை அமுங்கும், பத்தில் ஒரு பங்கு உயரம் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

கரைமேலிருக்கும் சீமைக்கருவேலை மழைக்கு முன் வேரோடு பிடுங்கினால் வேர் போன துளை வழியாகக் கசிவு தொடங்கும். கோடையில் பிடுங்கி, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும்.

### என்ன மிஞ்சியிருக்கிறது?

உடைப்பில் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் அந்த இடத்தில் பெரிய குழி விழுந்திருக்கும். உள்வாயில் வேறு சில பள்ளங்களும் இருக்கும். அவற்றில் ஓர் அரிவலையை இரண்டு மூன்று முறை வைத்துப் பார்த்தாலே போதும். விரால், குரவை, பனையேறி, கெளுத்தி கிடைத்தால் நாட்டு மீனுக்கான தாய்மீன் கையிலேயே இருக்கிறது. வெறும் ஜிலேபி மட்டும் வந்தால் அதற்கும் பொருள் உண்டு. 1952 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் கையளவு வளருமுன்பே முட்டையிட்டு, குஞ்சை வாயில் வைத்துக் காத்து, ஒரே பருவத்தில் கண்மாயை நிரப்பிவிடும். அதன்பின் எதை விட்டாலும் தீனிக்குப் போட்டி.

### பாத்தியதை யாருக்கு?

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கர்) மேற்பட்ட கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். மடையில், கலுங்கில் கை வைப்பதற்கும், மண் எடுப்பதற்கும், மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) விடுவதற்கும் யாரிடம் எழுத்து வாங்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எழுத்தில் வராத பாத்தியதை: வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊரா, கச்சா, ஊத்தா போன்ற மீன்பிடி சாமான்களை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்ச்சனமெல்லாம் இறங்கும் கண்மாயா என்பது. அப்படிப்பட்ட கண்மாயைக் குத்தகைக்கு விடுவது வெறும் வரவுசெலவுக் கணக்காக நிற்காது.

## வழி 1: கரையை அடைத்துவிட்டு, மீனை இயற்கைக்கு விடுவது

கேட்பதற்குச் சோம்பேறித்தனம் போலத் தோன்றும். ஆனால் சங்கிலித் தொடராகக் கிடக்கும் கண்மாய்களில் மேல்கண்மாய் உடையாமல் இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். முதல் வெள்ளத்தில் வரத்துக்கால் வழியாகக் கெண்டைப் பொடியும் அயிரையும் உளுவையும் வந்து சேரும். கீழ்க்கண்மாய்க்குப் போன மீன் கலுங்கு நீரில் எதிரேறி வரும். விரால் காற்றையும் சுவாசிப்பதால் சேற்றுக்குள் புதைந்தே கோடையைக் கடக்க வல்லது.

செலவு என்று பார்த்தால் வரத்துக்காலைச் சுத்தம் செய்வது மட்டும். அதைச் செய்யாவிட்டால் இந்த வழியே இல்லை. மீன் ஏறி வருவதைத் தடுப்பவை இரண்டு: சீமைக்கருவேலும் குப்பையும் அடைத்த கால்வாய், கலுங்கின் வெளிப்பக்கத்துச் செங்குத்தான வீழ்ச்சி. பின்னதற்கு, துறையின் அனுமதியோடு கலுங்கின் ஓர் ஓரத்தில் மட்டும் கருங்கல்லைச் சாய்வாக அடுக்கிவிட்டால் போதும். பத்தடி நீளத்துக்கு ஓரடி ஏறும் சாய்வில் கற்களுக்கிடையே சுழித்து வரும் தண்ணீரில் சிறு மீன் தங்கித் தங்கி ஏறிவிடும்.

மறைந்திருக்கும் விலை காலம். உண்ணத் தகுந்த அளவுக்கு மீன் பெருக இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். அதற்குள் ஊர் பொறுமை இழக்கும்; யாராவது ஒருவர் இரவில் ஜிலேபியைக் கொண்டுவந்து விட்டுவிடுவார். இன்னொரு விலை கொசுவலை. பார்ப்பு எனப்படும் பொரித்த புதிய குஞ்சையும் சலித்தெடுக்கும் அந்த வலையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊர்க் கட்டுப்பாடாக நிறுத்த முடியாவிட்டால் இந்த வழியை எடுக்காதீர்கள்.

எங்கே பொருந்தும்: தண்ணீர் நாலு மாதத்துக்குள் வற்றும் சிறு கண்மாய், மேலும் கீழும் உயிருள்ள கண்மாய்கள் உள்ள இடம், குடிநீர் ஊருணி. பறவை வரும் கண்மாய்க்கும் இதுவே நல்லது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்கு நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டுவதால்தான் அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தப் பறவைகளில் பலவற்றுக்கு வேண்டியது பொடிமீன்; இரண்டு கிலோ கட்லாவை அவை என்ன செய்யும்?

## வழி 2: குஞ்சு வாங்கி விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பது

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய கண்மாயில் வளருமே தவிரப் பெருகாது. 1957-ல் ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் ஊசி மருந்தால் இவற்றை முட்டையிட வைத்த பிறகே குஞ்சு நாடெங்கும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கத் தொடங்கியது. ஆகவே இந்த வழியில் மீன் "மீள்வது" கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் காசு கொடுத்து நிரப்ப வேண்டும். கூட்டத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அளவு: பாசனக் கண்மாய்க்கு, தீனி போடாத நிலையில், ஹெக்டேருக்கு 1,000 குஞ்சு போதும். கட்லா 40, ரோகு 30, மிருகால் 30 என்ற விகிதம் பொதுவாகப் பொருந்தும். வேலம்பாசி எனும் நீர்ச்செடி அடர்ந்திருந்தால் மட்டும் நூற்றுக்கு ஐந்து புல்கெண்டை. 20 ஹெக்டேருக்கு 20,000 குஞ்சு. அதில் பாதி தப்பித் தலைக்கு அரைக்கிலோ வந்தாலே 5 டன். இதற்கு மேல் கனவு காண வேண்டாம்.

குஞ்சின் நீளம்தான் எல்லாம். 10 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்த குஞ்சு, அதாவது விரலி, விட வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குஞ்சு மலிவு என்று வாங்கினால் மிஞ்சியிருக்கும் விராலுக்கு விருந்து வைத்தது போலத்தான். இங்கே ஒரு பருவச் சிக்கல் இருக்கிறது. குஞ்சு அதிகம் உற்பத்தியாவது தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் கண்மாய் நிறைவது நவம்பர், டிசம்பரில். அப்போது பெரிய விரலி தேடினால் கிடைப்பதரிது, விலையும் அதிகம்.

தீர்வு நாற்றங்கால். ஆகஸ்டு, செப்டம்பரில் சிறு குஞ்சை வாங்கிப் பண்ணைக்குட்டையிலோ, குடிக்கப் பயன்படாத ஊருணியிலோ இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு 25 வீதம் விட்டால் நூற்றுக்கு அறுபது விரலியாகத் தேறும். 20,000 விரலிக்குச் சுமார் 33,000 குஞ்சும், 33 சென்ட் குட்டையும் வேண்டும். அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி கலந்து தீனி. குட்டைக்குள் தண்ணீர் விடுமுன் மண் புளித்திருந்தால் ஹெக்டேருக்கு 200 கிலோ கணக்கில் சுண்ணாம்பு. குட்டையில் கிடக்கும் களைமீனை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு நல்ல மருந்து. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சென்டுக்குப் பத்துக் கிலோ; விஷம் தணிய மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இலுப்பைக்குடி என்று கோயில் ஊரே உள்ள சீமையில் இலுப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆனால் அதைக் கண்மாயில் போடாதீர்கள். மிஞ்சியிருக்கும் விராலும் அயிரையும் சேர்ந்து போகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: ஒரு கை குஞ்சை வெள்ளைப் பேசினில் விட்டுப் பாருங்கள். முதுகுத் துடுப்பு முள்ளாகவும் அதன் பின்பகுதியில் கரும்புள்ளியும் இருந்தால் ஜிலேபி கலந்திருக்கிறது. தட்டைத் தலையும் நீண்ட மீசையுமாக இருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தியாவில் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட மீன் அது, மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்கள். எண்ணிக்கைக்கு ஒரு குவளையை எண்ணிப் பெருக்குவது வழக்கம். அந்த ஒரு குவளையை நீங்கள் தேர்ந்தெடுங்கள், விற்பவர் அல்ல. வைகை அணை போன்ற தூரத்துப் பண்ணையிலிருந்து ஏற்றினால் முந்தைய நாள் தீனியை நிறுத்தச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள்ளேயே கழிந்து, தண்ணீரைக் கெடுத்துச் சாகும். வந்தவுடன் பையைப் பிரித்துக் கொட்டாமல் கால் மணி முதல் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சைத் தானாக வெளியேற விட வேண்டும். காலையிலோ மாலையிலோதான். கலுங்கு பாயும்போது விட்டால் அத்தனையும் கீழ் ஊருக்கு.

புயலுக்குப் பிந்திய தண்ணீரில் இன்னும் இரண்டு சோதனை. முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்து நீர் இளம்பச்சையாக இருந்தால் சரி. செம்மண் கலங்கலாக மணிக்கட்டே தெரியாவிட்டால் வெயில் உள்ளே இறங்காது, மீனுக்கு இரை உண்டாகாது. தெளியும்வரை காத்திருக்க வேண்டும். தழை அழுகிக் கருத்த தண்ணீரென்றால், சாய்ந்த மரத்தை வெளியே இழுத்தபின், விடியுமுன் ஆக்சிஜன் அளந்து லிட்டருக்கு 5 மில்லிகிராம் வந்தாலொழியக் குஞ்சு விடாதீர்கள். மதியம் அளந்தால் எல்லாக் கண்மாயும் தேறிவிடும்.

இனிக் குத்தகை. மீன் உள்ளே இருக்கும்போது குத்தகைக்காரருக்குத் தண்ணீர் வேண்டும். பிடிக்கும்போது தண்ணீர் வேண்டாம். இரண்டும் விவசாயிக்கு நேர் எதிர். பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் மடை திறக்கத் தகராறு, ஏப்ரலில் இரவோடு இரவாக மடையைத் திறந்துவிட்டு மீன் பிடிப்பது என்பவை புதிதல்ல. அதைவிட ஆபத்து, மீன் வெளியேறாமலிருக்கக் கலுங்கின் குறுக்கே கட்டும் வலை. வெள்ளத்தில் வரும் செத்தையும் ஆகாயத்தாமரையும் வலையில் அப்பிக்கொண்டால் கலுங்கு அடைபட்டதற்குச் சமம். தண்ணீர் கரைமேல் ஏறும். போன ஆண்டு அடைத்த உடைப்பு முதலில் போகும். ஆகவே ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்:

- மடை திறப்பதும் மூடுவதும் நீர்ப்பாசனச் சங்கம் சொல்லி, நீர்பாய்ச்சி மட்டுமே செய்வார்.
- மடை அடிமட்டத்துக்குக் கீழ் நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது.
- கலுங்கில் வலை கூடாது. கம்பித் தடுப்பு வேண்டுமானால் சாய்வாக, கழற்றக்கூடியதாக; கனமழை எச்சரிக்கை வந்த அன்றே கழற்ற வேண்டும்.
- கோழிக்கழிவு கொட்டக் கூடாது. மாடு குடிக்கும் தண்ணீர்.

எங்கே பொருந்தும்: பாசனம் போகத் தண்ணீர் ஆறு மாதமாவது நிற்கும் பெரிய கண்மாய், கரை ஒரு மழைக்காலத்தைத் தாங்கிக் காட்டிய பிறகு. உடைப்பு அடைத்த முதலாண்டிலேயே செய்வது, இன்னும் இறுகாத கரையை நம்பி மீன் முதலீட்டைப் பணயம் வைப்பது. எங்கள் கணிப்பில் முதலாண்டில் இதை எடுக்க ஒரே நியாயம், கரை பழுதாகாமல் தழை அழுகி மட்டும் மீன் செத்த கண்மாய்.

## வழி 3: மடு வெட்டி நாட்டு மீனைக் காப்பது

உள்வாயில் ஒரு பகுதியை ஆழப்படுத்தி, கோடையிலும் தண்ணீர் நிற்கும்படி செய்து, அதில் தாய்மீனை வைத்துக் காப்பது. அடுத்த மழையில் கண்மாய் நிறையும்போது அங்கிருந்தே குஞ்சு பரவும். உடைந்த கண்மாய்க்குப் பெரும்பாலான இடங்களில் இதையே முதலில் பரிசீலிக்கச் சொல்வோம்.

20 ஹெக்டேர் கண்மாய்க்கு 40 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் போதும். மொத்தப் பரப்பில் நூற்றில் ஒன்று. பிப்ரவரியிலிருந்து ஆவியாகி மாதம் 20 சென்டிமீட்டர் போனாலும் மே கடைசியில் ஒரு மீட்டருக்கு மேல் மிஞ்சும். ஆனால் வெட்டுமுன் நாலைந்து இடத்தில் ஆள் ஆழத்துக்குச் சோதனைக்குழி போடுங்கள். களிமண் ஓரடியிலேயே முடிந்து கீழே கிராவலோ மணலோ வந்தால் அங்கே வெட்டக் கூடாது, மடு சல்லடையாகும். கரையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உடைப்பில் விழுந்த குழி தயாராக இருக்கிறதே என்று அதையே மடுவாக்கிக்கொள்வது கரைக்கு எமன். அதிலுள்ள மீனை மட்டும் எடுத்துக்கொண்டு, குழியைக் களிமண்ணால் இடித்து மூடிவிட வேண்டும்.

ஓரம் செங்குத்தாக இருந்தால் மாடு விழும், மண்ணும் சரியும். ஓரடி ஆழத்துக்கு இரண்டடி அகலும் சாய்வு வேண்டும். மடுவின் அடியில் கருவேல முள்ளும் பனைமட்டையும் கட்டாகப் போட்டுக் கல் வைத்து அமுக்கினால் வலை வீச முடியாது; நீர்க்காகமும் புகாது. பழைய கண்மாய்களில் முள் போடும் வழக்கம் இதற்காகத்தான்.

உடைப்புப் பள்ளங்களில் அகப்படும் விரால், குரவை, கெளுத்தி, பனையேறியை உடனே இங்கே மாற்ற வேண்டும். ஜிலேபியை மட்டும் பொறுக்கி எடுத்துக் குழம்புக்கு அனுப்புங்கள். விரால் ஓரடி நீளத்துக்கு வந்தால் இனப்பெருக்கத்துக்குத் தயார். மழை பெய்ததும் செடிகொடிக்கிடையில் கூடு போல ஒதுக்கி முட்டையிடும். செம்மை நிறப் பார்ப்பு கூட்டமாக மேலே வந்து போகும். தாயும் தகப்பனும் கீழே காவல். அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டுவதும் அதுகள்தாம். ஓர் இணையைப் பிடித்தால் ஆயிரக்கணக்கான பார்ப்பு கெண்டைக்கும் கொக்குக்கும் போகும். பார்ப்பு உள்ள இடத்தில் தூண்டில் கூடாது என்பது பல ஊரில் சொல்லாமலே இருந்த கட்டுப்பாடு. இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் கரை தாங்கினால், தண்ணீர் நின்றால், இதே கண்மாயில் ஹெக்டேருக்கு 500 விரலி கூடுதலாக விடலாம். 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டால் விராலும் கட்லாவும் ஒன்றாகவே வளரும்.

மறைந்திருக்கும் விலை: காவல். மே மாதத்தில் சுற்றுவட்டாரத்திலேயே மீன் உள்ள ஒரே பள்ளம் இதுவென்றால் இரவு வலை வரத்தான் செய்யும். மடுவில் மோட்டார் வைக்க விவசாயிகளிடமிருந்தும் நெருக்கடி வரும். மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊரில் மடுவைத் தவிர்த்து மற்ற இடத்தில் இறங்கலாம் என்று, ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசி மீன்பிடியைத் தொடங்கிவைக்குமுன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அன்று கரையில் நின்று சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

## வழி 4: முழுவதும் தூர்வாரிப் புதிதாகத் தொடங்குவது

ஊர்க்கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்குவது இதுதான். 20 ஹெக்டேரில் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் மண் எடுத்தால் 60,000 கனமீட்டர். டிராக்டர் டிப்பருக்கு 3 கனமீட்டர் என்றால் 20,000 நடை. இவ்வளவுக்கும் கிடைப்பது 30 சென்டிமீட்டர் ஆழம்; ஆவியாதலே அதை இரண்டு மாதத்துக்குள் தின்றுவிடும்.

கூடவே கண்மாயின் அடியில் படிந்த வண்டலும் களியும்தான் தண்ணீரைக் கசியாமல் நிறுத்திவைக்கும் அடைப்பு. ஆர்வத்தில் அதையும் தாண்டிக் கிராவல்வரை தோண்டிய கண்மாயில் டிசம்பரில் நிறைந்த தண்ணீர் பிப்ரவரியில் இருக்காது. சேற்றுக்குள் உறங்கும் விராலும், நத்தையும், செடிகளின் விதையும் லாரியேறிப் போய்விடும். மண்ணுக்குத்தான் தூர்வாரலா, தண்ணீருக்கா என்று கேட்க வேண்டிய இடமும் உண்டு. ஒரே மூலையில் பனைமர ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தால் பதில் தெரிந்துவிடும்.

வண்டல் மடை மட்டத்துக்கு மேலே ஏறி, தண்ணீர் மடைக்கு வராமலே நிற்கும் கண்மாய்க்கு இது தேவைதான். அப்போதும் மடை முகப்பிலும் வரத்துக்கால் சேரும் இடத்திலும் பகுதி பகுதியாக, ஓர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமல்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இயற்கைக்கு விடல் | குஞ்சும் குத்தகையும் | மடுவும் நாட்டு மீனும் | முழுத் தூர்வாரல் |
|---|---|---|---|---|
| பாசனம் போகத் தண்ணீர் | 3–4 மாதம் போதும் | 6 மாதமாவது | கண்மாய்க்கு 3–4, மடுவுக்கு ஆண்டு முழுதும் | முதல் மழையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்ல முடியாது |
| உண்ண மீன் | 2–3 பருவம் கழித்து | அதே ஆண்டு | இரண்டாம் பருவம் | 3 பருவம் அல்லது மேல் |
| காசு | வரத்துக்கால் வேலை | ஆண்டுதோறும் குஞ்சு, தீனி, வண்டி | ஒருமுறை வெட்டு, பிறகு காவல் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | காலம், கொசுவலை | மடைத் தகராறு, கலுங்கு வலை | இரவு வலை, மோட்டார் | கசிவு, தாய்மீன் இழப்பு |
| பலன் யாருக்கு | ஊர்ச்சனம், பறவை | குத்தகைக்காரர், ஊர்ப்பணம் | ஊர்ச்சனம், பின்னர் ஊர்ப்பணமும் | மண் எடுப்பவர், சில சமயம் ஆயக்கட்டு |

## எந்த நிலையில் எது

உடைப்பு நவம்பரில் நடந்து, மணல் மூட்டையும் பனந்துண்டும் வைத்து டிசம்பர் நடுவுக்குள் உடைப்பை வளைத்துத் தற்காலிக வளையக்கரை போட முடிந்தால், மிச்ச மழையில் பாதிக் கண்மாயாவது நிற்கும். மூட்டையை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பித் தைத்து, செங்கல் கட்டுவது போல மூட்டு மாற்றி அடுக்குங்கள். முழுக்க நிரப்பிய மூட்டை உருளும், இடைவெளியில் நீர் பீச்சும். அந்த ஆண்டுக்கு வழி 3-ஐத் தொடங்கலாம்: பள்ளத்து மீனை மாற்றி, கோடையில் மடுவை முறையாக வெட்டிக்கொள்ளலாம்.

டிசம்பர் தாண்டியும் அடைக்க முடியாமல் கண்மாய் காலியாகிவிட்டால் அந்த ஆண்டு மீனை மறந்துவிடுங்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை கரை, மடை, வரத்துக்கால். மடுவும் அந்தக் கோடையிலேயே. மேல்கண்மாய் நன்றாக இருந்தால் மழையோடு வழி 1 தானாக நடக்கும். மேல்கண்மாயும் உடைந்திருந்தால், பக்கத்துக் கண்மாய் வற்றும் மார்ச், ஏப்ரலில் அங்கே மீன் பிடிக்கும்போது உயிருள்ள விராலும் குரவையும் ஐம்பது அறுபது வாங்கி, ஈரச்சாக்கு மூடிய அண்டாவில் கொண்டுவந்து மடுவில் விட வேண்டும்.

கரை நலமாக இருந்து தழை அழுகி மீன் செத்திருந்தால், மரத்தை அகற்றிய ஆறேழு வாரத்தில் தண்ணீர் தேறியிருக்கிறதா என்று விடியலில் அளந்து பார்த்து, ஜனவரி பத்துக்குள் விரலி கிடைத்தால் வழி 2. கிடைக்காவிட்டால் ஆகஸ்டில் நாற்றங்காலுக்குக் குட்டையைத் தயார்செய்வது, பிப்ரவரியில் கூடுதல் விலைக்கு விரலி தேடுவதைவிட நல்லது.

குத்தகை ஏலத்தை எப்போது வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மழைக்கு முன் ஏலம் விட்டால் தண்ணீர் வருமோ வராதோ என்ற பயத்தில் தொகை குறையும்; தண்ணீர் பொய்த்தால் தள்ளுபடி கேட்டு வழக்கும் வரும். டிசம்பர் கடைசியில், கம்பு நட்டு மட்டம் அளந்த பத்து நாள் கணக்கைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு ஏலம் விட்டால், கேட்பவரும் எத்தனை மாதத் தண்ணீருக்குக் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்பார்.